கசற்றின் இரண்டு பக்கமும்

பாட்டுப் பிடிக்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் ஒரு இசைத்தொகுப்பை எடுத்தால், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒன்றையும் தாண்டாமல், வைத்த வரிசையிலேயே கேட்டு முடிக்கிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு இசைமேல் உள்ள பற்று முழுக்க அந்தப் பழக்கத்தில் இருந்து வந்தது. நான் பாடகன் இல்லை, எந்த வாத்தியமும் முறையாகப் படிக்கவில்லை. ஆனால் கேட்பதையும் படித்துத்தான் ஆக வேண்டும் என்று நம்புகிறேன். என்னைப் படிப்பித்த சில தொகுப்புகளையும், அவற்றால் நான் பிடித்துக்கொண்ட கேட்கும் முறைகளையும் இங்கே எழுதுகிறேன். யாராவது ஒரு பிள்ளைக்கு உதவினால் மிகவும் சந்தோஷம்.

எனக்கு ஊர் ஆரையம்பதி. மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதியில் தெற்கே வந்தால், காத்தான்குடி முடிகிற இடத்தில் எங்கள் ஊர் தொடங்கும். எண்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு காத்தான்குடியில் ஒரு ரெக்கோடிங் பாரில் உதவிக்கு நின்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டும். ஒலி பதியும் நாடா உள்ள வெறும் கசற்றையும் கொப்பித்தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தப் பாட்டுகளை வரிசையாகப் பதிந்து கொடுக்கும் கடை. வெளிநாடு போகிறவர்கள், கலியாண வீட்டுக்காரர், பஸ்காரர் என்று எல்லாரும் வருவார்கள்.

60 கசற் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 நிமிடம் போய்விடும். மிச்சம் உள்ள 3 நிமிடத்துக்குள் அடங்குகிற பாட்டைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலையின் நுட்பம். சில கடைகளில் ஏழாவது பாட்டையும் தொடங்கி, நாடா முடிகிற இடத்தில் அப்படியே அறுத்துவிடுவார்கள். எங்கள் முதலாளி அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “தம்பி, பாட்ட அறுக்காத. அடங்கினாப் போடு, அடங்காட்டி வெறுமையா உடு” என்பார். அடுக்கும் வரிசையிலும் கண்டிப்பு. பட்டியலில் எப்படி எழுதியிருந்தாலும், ஒரே சாயலில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்தால் ஒன்றைத் தள்ளி வைப்பார். ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. காதுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பாட்டு எப்படிக் கேட்கும் என்பதை அதற்கு முன்னால் ஒலித்த பாட்டும் தீர்மானிக்கிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையில் முதலில் போடுவது நாகூர் ஹனிபாவின் கசற். “இறைவனிடம் கையேந்துங்கள்” எங்கள் ஊர்ச் சைவ வீடுகளிலும் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தக் குரலில் நான் கவனித்தது ஒன்று. பின்னால் வாத்தியம் என்ன வாசித்தாலும், சொல் முன்னால் வந்து நிற்கும். ஒரு எழுத்தும் கரையாது. அப்போது ஒரு வேலை செய்யத் தொடங்கினேன்: பாட்டைக் கேட்டுக் கேட்டு வரிகளைக் கொப்பியில் எழுதுவது. இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன். எழுத உட்கார்ந்தால்தான் பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தை நீட்டுகிறார், எதை விழுங்குகிறார் என்பதெல்லாம் காதில் படும். இன்றைக்கு வரிகள் போனிலேயே கிடைக்கின்றன. கிடைக்கட்டும். முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு சரிபாருங்கள்.

அந்தக் கடையில்தான் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ என் கைக்கு வந்தது. 1986இல் வந்த தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜெர்மனிய இசைமேதை பாக்கிற்கும் அவர் செய்த காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் தான் அதற்கு உயிர். பத்து உருப்படிகள். சினிமாப் பாட்டு மாதிரி ஒன்றும் கிடையாது, அதனால் பட்டியலில் யாரும் எழுதிக் கேட்கவில்லை. எந்தத் தட்டில் வைப்பதென்று காக்காவுக்கே குழப்பம். நான் ஒரு 60இல் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

முதலில் கேட்டபோது ஒன்றும் பிடிபடவில்லை, ஒரே நேரத்தில் பலபேர் கதைப்பதாகத்தான் இருந்தது. சினிமாப் பாட்டில் ஒரு குரல் இருக்கும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நிற்கும். இங்கே யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியவில்லை. சரி, ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். ஒருமுறை வயலினை மட்டும் விடாமல் தொடர்ந்தேன். அடுத்தமுறை அடியில் ஓடும் கனத்த தந்தியை மட்டும். அதற்கடுத்த முறை தாள வாத்தியத்தை மட்டும். அப்படிக் கேட்டு வந்தபோது, மேலே வயலின் சொன்ன ஒரு வரியைக் கொஞ்சம் பொறுத்துக் கீழே இன்னொரு தந்தி திருப்பிச் சொல்வது தெளிவாகக் கேட்டது. அந்தப் பின்னேரத்தை என்னால் மறக்க முடியாது. கேட்கத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக வந்தது.

இந்த ஒரு முறையைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பேன். ஒரே உருப்படி, ஒவ்வொரு முறையும் ஒரு வாத்தியம். தினம் ஒரு புதுப் பாட்டு கேட்கிறவருக்கு இது நடக்காது, ஏனென்றால் இரண்டாவது தரம் கேட்கும்போதுதான் காது மெட்டை விட்டுவிட்டு மற்றதைத் தேடும்.

அந்தத் தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) தொடக்கப் பகுதியை எடுத்து, அதைச் சுற்றித் தன் இசையைக் கட்டியிருப்பார் ராஜா. பல வருடம் கழித்து அந்தத் தனி வயலினை மட்டும் கேட்கக் கிடைத்தபோது, பாக்கின் பங்கு எது, ராஜாவின் பங்கு எது என்று பிரித்துக் கேட்க முடிந்தது. ஒரு தொகுப்பு பிடித்துப்போனால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். அங்கே நீங்கள் கேள்விப்படாத ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு விஷயம், எங்கள் மாவட்டத்துக்காரனாகப் பெருமையோடு சொல்வது. 1988இல் வந்த ‘வீடு’ படத்தில் பாட்டே கிடையாது. பின்னணியில் ஒலிப்பது இந்தத் தொகுப்பின் இசைதான். அதை எடுத்த பாலு மகேந்திரா பிறந்தது மட்டக்களப்பு நகரை ஒட்டிய அமிர்தகழியில். மாமாங்கேஸ்வரர் கோயில் உள்ள அதே அமிர்தகழி. படத்தைப் பிறகு பார்த்தபோது, கசற்றில் எனக்குக் கணக்கு மாதிரி இருந்த இடங்கள், பாதி கட்டிய சுவரின் முன்னால் நிற்கும் பெண்ணின் முகத்தோடு சேர்ந்து வேறு மாதிரிக் கேட்டன. அதற்குப் பிறகு எந்த இசையையும் “புத்திக்கு மட்டும்” என்று ஒதுக்குவதை விட்டுவிட்டேன்.

1990இல், போருக்குள், ஆரையம்பதி, காத்தான்குடி என்ற எங்கள் இரண்டு ஊர்களிலும் நடந்தவை பெரிய துயரங்கள். சில வரிகளில் எழுதிவிடக் கூடியவை அல்ல. கடைக்குப் போவது நின்றது. கரண்ட் நின்றது. என்னிடம் மிஞ்சியது ஒரு ஸ்பீக்கர் உள்ள சின்னக் கசற் ரெக்கோடரும் கொஞ்சக் கசற்றுகளும்.

நாலு பெரிய பற்றரி போட்டால்தான் அது பாடும். பற்றரி விலை அப்போது கேட்கவே முடியாது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம். எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்று இருந்தது: முன்னுக்குப் பின்னுக்குச் சுற்றக் கூடாது. சுற்றினால் மோட்டர் பற்றரியைக் குடித்துவிடும். ஆகவே பிடிக்காத பாட்டைத் தாண்டவும் வழியில்லை, பிடித்த பாட்டைத் திருப்பிப் போடவும் வழியில்லை. ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிய வேண்டும், பிறகு மறுபக்கம். அப்படித்தான் எனக்கு இந்தப் பழக்கம் ஊறியது. தாண்டிப் போக நினைத்த எத்தனையோ பாட்டுகள், வேறு வழியில்லாமல் கேட்டுக் கேட்டே நெருக்கமாகின.

சுருதி என்றால் என்ன என்பதையும் அந்தப் பற்றரிதான் உணர்த்தியது. 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் மூங்கில் குழல். ஐந்தே உருப்படிகள். பற்றரி இறங்க இறங்க மோட்டரின் வேகம் குறையும், குழலும் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மெட்டு அதே மெட்டுத்தான், ஒரு சுரமும் மாறவில்லை, ஆனால் முழுப் பாட்டும் கீழே போய்விட்டது. நல்ல பற்றரியில் கேட்ட இடத்தை மனதில் வைத்து முணுமுணுத்துப் பார்ப்பேன், கசற் அதற்குக் கீழே நிற்கும். ஆதார சுருதி என்று சங்கீதப் புத்தகத்தில் படித்தது எனக்குப் புரியவே இல்லை, இதில் புரிந்தது. இன்று சுருதியை ஏற்றி இறக்கும் வசதி சில போன் செயலிகளிலேயே இருக்கிறது. வேகத்தை மட்டும் மாற்றும் வசதி பெரும்பாலும் சுருதியை மாற்றாது. பிள்ளைகளுக்கு ஒரு பாட்டை சுருதி இறக்கி, ஏற்றிப் போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

‘ரோஜா’ 1992இல் வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம். அதை முதலில் என் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, நல்ல மெட்டுகள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு கல்முனை பஸ் ஒன்றில், பின் சீட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்திருந்த பஸ்ஸில் கேட்டபோது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ அதிர்ந்தது. அடியில் ஓடும் பேஸ் என்ற கனத்த, தாழ்ந்த ஒலி என் ரெக்கோடரில் கேட்டதே இல்லை. இடது பக்கம் ஒரு சத்தம், வலது பக்கம் அதற்குப் பதில். அந்தத் தொகுப்பை எத்தனை கவனமாகப் பதிந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தொகுப்பைப் பற்றி முடிவெடுக்கும் முன் கருவியை மாற்றிக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது. விலை குறைந்த வயர் ஹெட்போன் போதும், இரண்டு காதும் வேறு வேறு என்று உடனே தெரியும்.

அம்பாறைப் பக்கம் வேலைக்குப் போய்வந்த காலத்தில் பஸ்ஸில் அமரதேவவின் சிங்களப் பாட்டுகள் போகும். எனக்குச் சிங்களம் அப்போது அரைகுறை. சொல் புரியாமல் ஒரு குரலைக் கேட்பது நல்ல பயிற்சி. அந்த அவசரமில்லாத பாடலை இன்றும் விரும்பிக் கேட்கிறேன்.

கடையில் விற்காத தொகுப்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. என் மாமா கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் உடுக்கு அடித்து, கண்ணகியின் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பாடுவார். வருடத்தில் சில நாட்கள் மட்டும் கதவு திறக்கும் கோயில், அந்த நாட்களில் மட்டும் பாடும் பாட்டு. எண்பதுகளில் யாரோ ஒருவர் அவர் முன்னால் ரெக்கோடரை வைத்து 60இல் இரண்டு பக்கமும் பதிந்திருந்தார்கள். நடுநடுவே குழந்தை அழும், மணி அடிக்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்குத் தண்ணி தூக்குகிறவர்களின் சத்தம் வரும். சின்ன வயதில் அது எனக்கு வெறும் கோயில் சத்தம். ஒவ்வொரு வாத்தியமாகப் பிரித்துக் கேட்கப் பழகிய பிறகு போட்டுப் பார்த்தேன். உடுக்கு குரலுக்குப் பின்னால் போகவே இல்லை. வரி முடிகிற இடத்தில் மாமா மூச்சு எடுக்கும்போது உடுக்கு இறுகி ஏறும், அடுத்த வரி தொடங்கும்போது தளர்ந்து கீழே வரும். இடது கையால் நூலை நெரித்து அந்த ஏற்ற இறக்கத்தைச் செய்வார். வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்த இசையை மெட்ராஸில் பதிந்த ஒரு தொகுப்பு வழியாகத்தான் எனக்குக் கேட்க முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, நன்றிதான்.

மாமாவின் வீடு கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, சேற்றில் சாய்ந்து கிடந்த அலுமாரிக்குள் இருந்து அந்தக் கசற்றை எடுத்தோம். உப்புத் தண்ணீரும் மண்ணும் ஏறியிருந்தது. நிறையப் பேர் இப்படிக் கிடைத்தவற்றை எறிந்துவிட்டார்கள். எறிய வேண்டியதில்லை. தண்ணீர் நாடாவில் உள்ள பதிவை அழிப்பதில்லை, காந்தப் பதிவு அப்படியே இருக்கும். கெடுப்பது உப்பும் மண்ணும் பூஞ்சணமும்தான். ஐந்து ஆணியைக் கழற்றி கூட்டைத் திறந்தேன். இரண்டு சக்கரத்தையும் நாடாவோடு எடுத்து, பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் பலமுறை மெதுவாக அலசினேன். வெயில் படாமல், நிழலில், காற்றில் நாட்கணக்கில் காயவிட்டேன். பிறகு வேறொரு கசற்றின் கூட்டில் மாற்றிப் போட்டேன். அந்தக் கூட்டில், நாடாவை, ஒலியை எடுக்கும் ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு விழாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கிப்போகும். தொடக்கத்தில் கொஞ்சம் இழுபட்டது. மாமாவின் குரல் முழுவதும் கிடைத்தது.

அது நடந்து ஆறு மாதத்தில், 2005 ஜூனில், இளையராஜாவின் திருவாசகத் தொகுப்பு வந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிந்த ஆறு பாட்டுகள். “பொல்லா வினையேன்” என்று தொடங்கும் நீண்ட பாட்டு 20 நிமிடம் அளவுக்குப் போகும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே இழுவையில் ஒப்புவித்த சிவபுராணத்தின் வரிகள் அவை. ஆனால் என்னை உலுக்கியது “முத்து நற்றாமம்”. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவது அந்தத் திருப்பொற்சுண்ணம். அந்த வருடம் அதைக் கேட்காத வாரம் இல்லை. அதே வரிகளை ராஜா துள்ளலோடு, கூட்டமாகப் பாடும் பாட்டாக எழுப்பியிருந்தார். உண்மையில் மாணிக்கவாசகர் எழுதியது இறைவன் நீராடுவதற்குப் பெண்கள் கூடிச் சுண்ணம் இடிக்கும் கொண்டாட்டப் பாட்டுத்தானே. இறுவட்டை (சீடியை) வீட்டில் போட்டபோது முதலில் அம்மா எழும்பிப் போய்விட்டார். சில நாள் கழித்து அவரே, “அத ஒருக்காப் போடு மனே” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆறு பாட்டையும் வரிசையாக, ஒன்றும் தாண்டாமல், எத்தனையோ இரவுகள் சேர்ந்து கேட்டோம்.

இப்போது ஊரில் ஆட்கள் என்னிடம் பழைய கசற்றுகளைக் கொண்டுவருகிறார்கள். கணினிக்கு மாற்றுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் தேவை. முதலில் கசற்றைக் கண்ணால் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சணம், அதை நல்ல டெக்கில் (கசற் ஓட்டும் கருவியில்) போட வேண்டாம், ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போய்விடும். மற்றவற்றைப் போடும் முன் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோப்பைல் அல்ககோலில் நனைத்த காதுக்குடும்பி எடுக்கும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். நெடுநாள் கிடந்த கசற்றை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் ஒட்டியிருக்கும் நாடா இளகும். சத்தம் மூடிக்கொண்ட மாதிரி இருந்தால் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்ன ஆணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். தாளத்தின் கூர்மை திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இதற்காகத் தனியாக ஒரு பழைய டெக் வைத்துக்கொள்வது நல்லது.

கணினியில் ஒலியைப் பதிய ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அது போதும். சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்திலும் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள், கூடினால் சத்தம் கிழிந்துவிடும், பிறகு திருத்த முடியாது. ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட்டில் வைத்தால் ஒரு 60 கசற்றுக்கு 600 எம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும். எம்பி3யைப் பிறகு அதிலிருந்து எடுக்கலாம். இரைச்சலை நீக்கும் வசதியை மூலக் கோப்பில் கைவைக்காமல் பிரதியில் மட்டும் பாவியுங்கள். மாமாவின் பதிவில் குழந்தை அழும் சத்தத்தை நான் வெட்டவில்லை. இன்னொன்று: பாட்டுப் பாட்டாகத் துண்டு போட்டாலும், ஒரு பக்கம் முழுக்க ஒரே கோப்பாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை அதில்தான் இருக்கும்.

கசற்றுகளை நிறுத்தி வையுங்கள், மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு, ஸ்பீக்கரில் இருந்து தள்ளி. எங்கள் கடற்கரை ஊர்களில் மாரிகாலத்து ஈரத்தில்தான் பெரும்பாலான நாடாக்கள் கெடுகின்றன. ஆகவே பெரியம்மாவின் அலுமாரியிலோ, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுப் பெட்டியிலோ, பேர் எழுதாத கசற் இருந்தால் ஐப்பசி பிறக்கும் முன் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டு, யாருடைய குரல், எந்தச் சடங்கு, எந்த வருடம் என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து, கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். அதைச் சொல்லக் கூடியவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள்.